கழற்றி மாட்டும் கம்பி

ஜூலை 20, ஞாயிறு

பழைய கார்க்காரர்கள் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. செப்டம்பர் 14 அன்று வால்பாறைப் பயணம். இந்த வருஷம் புதுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். மேற்கூரை இல்லாத வண்டிகளுக்கு ரோல் பார் கட்டாயம். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் தலை சிதறு தேங்காய் ஆகாமல் இருக்க, முன்சீட்டுக்குப் பின்னால் வளைவு மாதிரி நிற்கும் தடித்த இரும்புக் குழாய் அது.

போன வருஷம் வரை எல்லோரும் மண்டையைத் திறந்து போட்டுக்கொண்டுதான் மலை ஏறினோம். யாரும் கவிழவில்லை. ஆழியாறில் பதினோரு இட்லி சாப்பிட்ட சங்கச் செயலாளர் மட்டும் கவிழ்ந்தார். அதற்கு எந்தக் கம்பியும் உதவாது.

எங்கள் ஹெரால்டு காருக்கு ஒரு காலத்தில் கித்தான் கூரை இருந்தது. எலி சாப்பிட்டுவிட்டது. வண்டி என் மாமனார் எனக்குக் கொடுத்தது என்பது நான் ஊரில் சொல்வது. மகளுக்குக் கொடுத்தார், மகளோடு நானும் ஏறிக்கொண்டேன் என்பது செண்பகம் ஊரில் சொல்வது. கல்யாணத்துக்கு முன்பே அவள் அதில்தான் ஓட்டக் கற்றாளாம். நான் பார்த்ததில்லை. நான் வந்த நாளிலிருந்து ஸ்டியரிங் என்னிடம்தான் இருக்கிறது.

சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டே சொன்னாள்.

"நல்ல சட்டமுங்க. கம்பி மாட்டினா நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி ஒருக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருங்க."

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் போன மாதம் கண்ணைக் காட்ட அங்கே போய் வந்தார். அன்றிலிருந்து இவளுக்கு ஊரிலுள்ள கண்ணெல்லாம் சந்தேகம்.

ஜூலை 22, செவ்வாய்

பொன்னுரங்கத்தின் பட்டறைக்குப் போனேன். என்னோடு படித்தவன். பஸ் சீட்டுக்குக் குழாய் வளைக்கிறான். கோயம்புத்தூரில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது என் வளைவின் மேல்தான் என்று சொல்லிக்கொள்வான். மீதிப் பாதி நின்றுகொண்டு போகிறது, அதுவும் அவன் சீட்டைப் பார்த்துப் பயந்துதான்.

"வளைச்சுத் தர்றேண்டா வெள்ளியங்கிரி. வெல்டிங்கு என்னோடது. வீட்டுல ஓட்டை போட்டு மாட்டறது உன்னோடது. எனக்கு உன்ற வீட்டு வாசல்ல படுத்துக் கெடக்க நேரமில்ல."

ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியைத்தான் கேட்டு வருவார்கள். பின்சீட்டு முதுகின்மேல் மாப்பிள்ளையை ஏற்றி உட்கார வைத்து ஊர்வலம் விட வேண்டும். முன்னால் கம்பி நின்றால் போட்டோவில் ஜெயிலில் இருப்பது போல விழுவார்.

"விழட்டுமேடா. இப்பவே பழகிக்கட்டும்" என்றான்.

ஜூலை 27, ஞாயிறு

வண்டியை வாசலில் நிறுத்திச் சீட்டுகளைக் கழற்றினேன். முதலில் வண்டியைக் கேட்டுக்குள் ஏற்றும்போது இடது தூணில் லேசாக உரசல். தூணை யார் அங்கே கட்டினார்கள் என்று தெரியவில்லை. வீட்டோடு சேர்த்து நான்தான் கட்டியிருக்கிறேன்.

தரைத் தகட்டுக்கு மேலே ஒரு பட்டை, சாசிச் சட்டத்துக்கு அடியில் ஒரு பட்டை, இரண்டையும் போல்ட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பட்டை வண்டியோடேயே இருக்கும். கம்பியின் பாதம் அதன்மேல் உட்காரும், வேண்டும்போது கழற்றிவிடலாம். பின்னாலிருந்து சாய்வாக இரண்டு முட்டுக் குழாய், அதற்கு ஊசி மாதிரி ஒரு பின். காகிதத்தில் மிகச் சுலபமாக இருந்தது.

எதிர்வீட்டு ஆல்பர்ட் சார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டு வாசலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"என்ன வெள்ளியங்கிரி, துணி காயப்போடக் கொடிக்கம்பியா?"

"ஆமாங்க சார். ஓட்டிக்கிட்டே காயவைக்கலாம், சீக்கிரம் காயும்."

ஜூலை 28, திங்கள்

கடையில் மூன்று கிரைண்டர் விற்றது. இருபத்தைந்து வருஷமாகக் கிரைண்டர் விற்று, உருவத்திலும் அதுவாகவே ஆகிவிட்டேன். மேலே கொஞ்சம், நடுவில் நிறைய.

ஆகஸ்ட் 2, சனி

அளவு எடுக்கும் படலம். பொன்னுரங்கம் போனில் சொன்னான்.

"ஓட்டறவன் தலைக்கு மேல நாலு விரக்கடை கம்பி நிக்கோணும். ஒரு குச்சிய எடுத்துக் கம்பி உச்சியில இருந்து முன்கண்ணாடிச் சட்டம் வரைக்கும் வெச்சா, தலை அந்தக் குச்சிக்குக் கீழ இருக்கோணும். சங்கத்துல அதத்தான் பாப்பாங்க. சீட்டுல இருந்து தல உச்சிக்கு எத்தனன்னு சொல்லு, மிச்சத்த நான் சேத்திக்கறேன்."

சீட்டைத் திரும்ப வைத்து, கம்பீரமாக உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். செண்பகம் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு வந்தாள். இந்தப் பேட்டையில் அவள் அளவெடுக்காத முதுகு கிடையாது. முதுகைப் பார்த்தே யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடுவாள்.

"வயித்த எக்காதீங்க. ஒசரத்துக்கு வயிறு வேண்டாமுங்க."

அளந்தாள். பிறகு, "கொஞ்சம் எறங்குங்க, நானும் உக்காந்து பாக்கறேன். மறைக்குமான்னு தெரியோணுமல்ல" என்றாள். உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். கிளட்சை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். மறைக்குமா என்று பார்ப்பதற்குக் கிளட்ச் எதற்கு என்று கேட்க நினைத்தேன், வெயிலில் மறந்துவிட்டது. அளவை அவளே போனில் பொன்னுரங்கத்துக்குச் சொல்லிவிட்டாள். எனக்குச் சுக்குக் காப்பி வந்தது. டம்ளரை இடதுபக்கம் வைத்துவிட்டாள் போல, கை பட்டுக் கொட்டிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

ஓட்டை போடும் நாள். கம்பளத்தைப் பிய்த்தால் கீழே துரு, ஒரு சீப்பு, 1997-ஆம் வருஷத்து பஸ் டிக்கெட். துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காயவைத்து, டிரில் போட்டேன்.

வலதுபக்கம் நாலு ஓட்டையும் கச்சிதம். இடதுபக்கம் நாலும் அரை இஞ்ச் வெளியே ஓடியிருந்தன. டிரில் முனை மழுங்கிவிட்டது. அதே முனைதானே வலதுபக்கமும் போட்டது என்று ஆல்பர்ட் சார் கேட்டார். மின்வாரிய ஆட்களுக்கு இதுதான் கஷ்டம், எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

செண்பகம் தையலை வைத்துவிட்டு வந்தாள். வலதுபக்கப் பட்டையைச் செய்தித்தாளில் வைத்து வரைந்து வெட்டினாள். அந்தக் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு இடதுபக்கத் தரையில் பரப்பி, துணியில் குறி போடும் நீலக் கட்டியால் நாலு புள்ளி வைத்தாள். பிளவுஸுக்கு முன் பாகம் வெட்டறதும் இதேதானுங்க என்றாள். பழைய ஓட்டைகளைப் பொன்னுரங்கம் ஆளை விட்டு அடைத்துத் தர வேண்டும். புது ஓட்டைகளை அவளே போட்டாள். டிரில்லைத் தையல் மிஷின் மாதிரி பிடித்துக்கொண்டு, பல்லைக் கடிக்காமல்.

நான் விளக்குப் பிடித்தேன். நன்றாகப் பிடித்தேன் என்று சொன்னாள்.

ஆகஸ்ட் 16, சனி

கம்பி வந்தது. கறுப்புப் பெயிண்ட், மின்னுகிறது. பாதம் பட்டைமேல் உட்கார்ந்ததும் எட்டு போல்ட்டும் வெண்ணெய் மாதிரி இறங்கின. முட்டுக் குழாய்களில் பின் ஊசியைச் செருகி, தலை படும் இடத்தில் ரப்பர் நுரை சுற்றினேன். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வண்டிதான் ஆடுகிறது. மனசுக்குள் வால்பாறையில் கொடி ஏற்றிவிட்டேன்.

பிறகு ஒட்டடைக் குச்சியை வைத்துச் சோதித்தோம்.

கம்பி உச்சியிலிருந்து கண்ணாடிச் சட்டம் வரை குச்சி. சீட்டில் நான். குச்சி என் நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் நின்றது. அதற்கு மேலே என் மண்டை, தர்பூசணி மாதிரி, முழுசாக வெளியே.

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டேன். வளைக்கத் தெரியாதவன் என்று ஆரம்பித்து அவன் பரம்பரை வரைக்கும் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அம்மணி சொன்ன அளவுதாண்டா. எனக்கே சந்தேகமா இருந்துச்சு, ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் அதையேதான் சொல்லுச்சு."

செண்பகம் அளவில் தப்பு. செண்பகம்! கால் இஞ்ச் விட்டுக்கொடுக்காதவள் முழுசாக நாலு இஞ்ச் கோட்டைவிட்டிருக்கிறாள். இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. தெருவெல்லாம் சொன்னேன். பால்காரருக்கு, இஸ்திரி போடுபவருக்கு, கேஸ் கொண்டுவந்தவருக்கு. ஆல்பர்ட் சாருக்கும் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என் சம்சாரத்துக்கு முப்பது பிளவுஸ் தச்சிருக்காங்க உங்க வீட்டம்மா. ஒண்ணுகூடத் திரும்பிப் போனதில்ல வெள்ளியங்கிரி" என்றார்.

சாயங்காலம் அவளையும் சும்மா உட்கார வைத்துக் குச்சியை வைத்துப் பார்த்தேன். தலைக்கு மேலே நாலு விரற்கடை. தைத்தது போல.

"அப்ப நானே ஓட்டறனுங்க" என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்று யாருக்கும் நகைச்சுவை உணர்வு இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொன்னுரங்கம் புதிதாக வளைக்க மாட்டானாம். பஸ் கம்பெனி ஆர்டர் நெரிக்கிறதாம். ஆனால் வழி சொன்னான்.

"கம்பி ஒசரலீன்னா ஆள எறக்கு. சீட்டு ஸ்பிரிங்க உருவிட்டுப் பலகை போட்டு, மேல ரெண்டு விரக்கடை நுரை ஒட்டு. தல தன்னால உள்ள வந்துரும்."

அப்படியே செய்தேன். உட்கார்ந்தால் மணையில் உட்கார்ந்தது போல இருக்கிறது, ஆனால் குச்சிக்குக் கீழே தலை. வால்பாறை என் கையில்.

செண்பகத்திடம் காட்டினேன். பலகையைத் தட்டிப் பார்த்தாள். நுரையின் ஓரம் பிசிறாக இருந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சரிசெய்தாள். சட்டென்று வெற்றி கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவிநாசி ரோட்டுக்கு ஒரு வெள்ளோட்டம். செண்பகம் வழக்கம்போல இடதுசீட்டில். கொஞ்ச காலமாக அவளுக்கு ஒரு பழக்கம். "இடதுல பைக்", "இடதுல ஆட்டோ", "இடதுல ஆள் எறங்குது" என்று பஸ் கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே வருகிறாள். விசில் ஒன்றுதான் பாக்கி. எப்போது ஆரம்பித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். போன தீபாவளிக்கு முன்னால் இந்தப் பழக்கம் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

எங்கள் கடைக் கட்டடத்துக்காரர் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. கேட்டால் மறுக்க முடியாத இடம். மத்தியானமே கம்பியைக் கழற்றினோம். எட்டு போல்ட்டு, இரண்டு பின், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால் வந்துவிட்டது. சுவரில் சாய்த்து வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பாதி அவள் செய்தது, அதனால் பாதிப் பெருமை.

வண்டிக்குச் சம்பங்கி அலங்காரம். மாப்பிள்ளை உச்சியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் தட்டேந்திய பெண்கள், அவர்களில் செண்பகம். நடந்து போகும் வேகம்தான். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் இடதுபக்கம் லேசாக ஒடித்தேன்.

"டம்."

தாளத்தில் இல்லாத டம். பெரிய டிரம் சுமந்தவர் வரிசையிலிருந்து விலகி இடதுபக்கமாக வந்திருக்கிறார், என் மட்கார்டு அவருடைய டிரம்மில் இடித்திருக்கிறது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. சிலர் அதற்குத் தலையாட்டினார்கள். அவர் ஜன்னல் இல்லாத ஜன்னல் வழியாகக் குனிந்து, "அண்ணா, அடிக்கறது என்ற வேலைங்க. நீங்க ஓட்டுங்க" என்றார். நல்ல மனிதர்.

"எங்கிருந்துப்பா வந்தே?"

"கோயில்ல இருந்து உங்களுக்கு இடதுலயேதானுங்க வந்துட்டு இருக்கறேன்."

மண்டப வாசலில் செண்பகம் தட்டை இறக்கி வைத்தாள். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டு கனம். தேங்காயே அஞ்சாறு வைத்திருப்பார்கள்.

வீடு திரும்பும்வரை இடதுபக்கத்தைப் பற்றி அவள் எதுவும் அறிவிக்கவில்லை. அதுதான் வண்டி ஓட்ட மிகக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தலைவலி. கடைக்குத் தாமதம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. எதிர்ச்சுவரில் மாத நாள்காட்டி. சும்மா, பொழுதுபோகாமல், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுத்தேதியைப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் இருந்தன. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். நடுவில் தேதிகள் இருந்தன. இடது ஓரத்து ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. ஓரத்தில் மோர் ஊற்றியது போல வெளுப்பு.

அச்சகத்தில் மை குறைவு. ஒரு கண்ணுக்கு மட்டும் குறைத்து எப்படி அச்சடித்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்றும் பொத்திப் பார்த்தேன். ஞாயிறுகள் வரவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கம்பியைத் திரும்ப மாட்டினோம். செண்பகம் நட்டை விரலால் ஏற்றிக் கொடுக்க, நான் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். இடதுபக்கம் அவள் போனாள், நான் கேட்காமலே. அடியில் படுத்தபடி பேசினாள். முகம் தெரியவில்லை, செருப்பு மட்டும் தெரிந்தது.

"சங்கத்துக்கு ஓட்டறவங்க பேரு கொடுத்தாச்சுங்களா?"

"அன்னிக்கே அங்க சொல்லிக்கலாமாம்."

"சரிங்க."

அடுத்த நட்டை ஏற்றிவிட்டுக் கேட்டாள்.

"மேல போறப்ப பள்ளம் எந்தப் பக்கமுங்க வரும்?"

"மாறி மாறி வரும். ஒரு வளைவுக்கு வலது, அடுத்ததுக்கு இடது."

"அதாங்க கேட்டேன்."

நாற்பது கொண்டை ஊசி வளைவு. பாதிக்குப் பாதி இருபது. இந்தக் கணக்கை நான் இதற்கு முன் போட்டதில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஆல்பர்ட் சார் மதிலருகே நின்று, ரொம்ப நேரம் கிரிக்கெட் பேசிவிட்டு, "நான் போன வருஷம் ஸ்கூட்டர வித்துட்டேன், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "முதல் ஒரு வாரந்தான் கஷ்டமா இருந்துச்சு" என்றார். பிறகு மறுபடி கிரிக்கெட்.

இந்தத் தெருவில் ஒரு விஷயத்தை எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குச் சொல்வார்கள். நானோ ஊர்வம்பில் முதல் ஆள் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 13, சனி

செண்பகம் ஒரு கல்யாண ஆர்டருக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சீட்டில் பிசிறு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஹெரால்டில் இரண்டு முன்சீட்டும் ஒரே அச்சு. நாலு போல்ட்டு கழற்றினால் கையோடு வரும். பலகை போட்ட சீட்டை வலதிலிருந்து எடுத்து இடதுபக்கம் மாட்டினேன். ஸ்பிரிங் உள்ள சீட்டை ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைத்து, அவள் கால் எட்டும் அளவுக்கு முன்னால் தள்ளினேன். அளவு எனக்கு நினைவிருந்தது. அன்று அவள் கிளட்ச் மிதித்ததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

இடதுபக்கம் ஒரு வாஷர் விழுந்து எங்கோ உருண்டது. தேடவில்லை. டப்பாவில் இன்னொன்று இருந்தது.

உள்ளே வந்து கை கழுவினேன். "முடிஞ்சுதுங்களா?" என்றாள். "முடிஞ்சுது" என்றேன். ராத்திரிக்குச் சப்பாத்தி.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் வாசலுக்கு வந்தவள் வண்டியைப் பார்த்தாள். உட்காரும் உயரத்தில் வித்தியாசம் தெரிய அவளுக்கு டேப் வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு வலதுபக்கம் ஏறினாள். ஆல்பர்ட் சார் மதிலருகே செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆழியாறில் சங்கத்துச் சோதனை. குச்சியோடு ஒரு இளைஞர். "ஓட்டறவர் யாருங்க சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்கதான்" என்றேன். சொல்லிப் பார்த்தால் சின்ன வார்த்தைதான்.

குச்சியை வைத்தார், போனது. என் பக்கமும் வைத்தார், போனது. "அப்ப சார் நீங்க?"

"நான் பாரமுங்க. காத்துல வண்டி தூக்கிராம இருக்க."

ஏறினோம். முதல் வளைவில் நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன். "அங்க ஒண்ணுமில்லீங்க, காலை மடக்கிக்கோங்க" என்றாள். நாலாவது வளைவில் ஒரு லாரிக்கு இடம் விட்டாள். ஒன்பதாவதில் ஒரு சிங்கவால் குரங்குக்கு. பன்னிரண்டாவதில் செயலாளரின் வண்டியை முந்தினாள், ஹாரன் அடித்து, கையும் காட்டி. அவர் வாயில் இருந்த வடை அப்படியே நின்றது. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் கியரை மாற்றுவது எனக்குக் கேட்கவே இல்லை. நான் மாற்றினால் பொள்ளாச்சி வரை கேட்கும்.

அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலதுபக்கம்தானே, நன்றாகத் தெரிந்தது. உதட்டைக் குவித்துக்கொண்டு, விசில் வராமல், ஊதிக்கொண்டிருந்தாள். எனக்காக, என் கண்ணுக்காக, பாவம், இத்தனை பாடுபட்டிருக்கிறாள் என்று பதினைந்து நாளாக உருகிக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வால்பாறையில் டீ. மூடுபனி இறங்கியிருந்தது. புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கச் சொன்னேன். ஏற்கெனவே வாங்கிவிட்டாளாம். அதையும் கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"அந்த நாலு இஞ்ச்சு. தெரிஞ்சேதானே சொன்னே?"

டீயை ஊதினாள்.

"நாலரை இஞ்ச்சுங்க. அரை இஞ்ச் தையலுக்கு விட்டேன்."

டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனாள்.